புள்ளி தெரிகிறதா?

வலது கையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் எடுத்து வைத்துவிட்டு, இனி அதனிடம் வேலை இல்லை என்பதுபோல் இடது கையை மட்டும் நீட்டினார் பெரியவர். எடுத்து வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த விரல்கள் பாதி மடங்கியபடியே கிடந்தன. எழுபதைத் தாண்டிய வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு, அக்குளில் மஞ்சள் பை. சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று சிவப்பு.

“புஸ்தகம் படிக்கிற மெஷின் ரெண்டு வந்திருக்குன்னு போன்ல சொன்னீங்களே தம்பி, அதைக் காட்டுங்க.”

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவில், சின்ன மின்தடையிலிருந்து மடிக்கணினி வரை எதையும் கேட்கலாம். கேட்பவர்கள் அநேகமாக இருபது வயதுப் பையன்கள். அந்தச் சந்துக் கடையில் வேட்டி கட்டிய ஒரே ஆள் அன்றைக்கு இவர்தான். என் செல்போனைப் பிரித்துப் போட்டுப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார் கடைக்காரர். போன் வரும்வரை ஓரத்து ஸ்டூலில் நான். கையில் போன் இல்லாதவனுக்குப் பக்கத்து வியாபாரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை?

கடைப்பையன் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டும் கிண்டில், இரண்டும் கைமாறி வந்தவை, இரண்டும் அந்த வரிசையிலேயே மலிவான ரகம், இரண்டும் ஆறு அங்குலத் திரை. ஒன்று 2019இல் வந்தது, மற்றது 2022இல் வந்தது. “இது எட்டு ஜிபி சார், இது பதினாறு ஜிபி. பழசுக்கு அந்தக் காலத்து சார்ஜர், புதுசுக்கு டைப் சி. பழசு மூவாயிரம், புதுசு அஞ்சாயிரத்து ஐந்நூறு. பதினாறு ஜிபின்னா ஆயிரக்கணக்குல புக் ஏத்தலாம் சார்.”

“வாங்கி வச்சுப் படிக்காததே வீட்ல ஒரு பீரோ நிறைய இருக்குப்பா” என்றார் பெரியவர். அதோடு ஜிபி பேச்சு முடிந்தது. பிறகு ஒருமுறைகூட அவர் அதைக் கேட்கவில்லை.

அவர் முதலில் செய்தது எனக்குப் புரிய நேரமானது. பழசை இடது உள்ளங்கையில் வாங்கி, கட்டைவிரல் ஒரு விளிம்பிலும் மற்ற விரல்கள் எதிர் விளிம்பிலும் பிடிக்கிற மாதிரி கவ்விப் பார்த்தார். கீழே வைத்தார். புதியதை அதேபோல் கவ்வினார். மறுபடி பழசு. எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முன்னது 174 கிராம், பின்னது 158. அகலத்தில்தான் சங்கதி இருந்தது. 11.3 சென்டிமீட்டரில் அவருடைய விரல் நுனி விளிம்பைத் தொட்டு வழுக்கியது. 10.9இல் பிடித்து நின்றது. நாலு மில்லிமீட்டருக்காக யாராவது ஒரு பொருளை வாங்குவார்களா என்று கேட்டால், இரண்டு கையும் நன்றாக இருக்கிறவர்கள் வாங்கமாட்டார்கள்.

பிறகு கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துக் கருவியை முகத்துக்கு நேர்மேலே ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் இயர்போன் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு படிக்க முடியுமா என்ற சோதனை அது. கட்டிலில் செய்ய வேண்டியதை நின்றுகொண்டே செய்தார். கை நடுங்கும்வரை வைத்திருந்துவிட்டு இறக்கினார். ஐந்து பாகமும் ஒன்றாய்க் கட்டிய ‘பொன்னியின் செல்வ’னை இப்படிப் பிடித்தால் மூக்கு தப்பாது.

அடுத்தது பக்கம் புரட்டல். இங்கேதான் முதல் தடங்கல். விலை குறைந்த இந்த ரகத்தில் பக்கம் திருப்பப் பொத்தான் கிடையாது, திரையைத்தான் தொட வேண்டும். திரையின் இடது ஓரத்தில் ஒரு குறுகிய பட்டையைத் தொட்டால் முந்தைய பக்கம் வரும். மிச்ச இடத்தைத் தொட்டால் அடுத்த பக்கம். வலது கையில் பிடிக்கிறவர்களுக்கு இது கச்சிதம். இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் போய் விழுவது அந்தப் பட்டையில்தான். பெரியவர் தட்டுகிறார், பின்னால் போகிறது. மறுபடி தட்டுகிறார், இன்னும் பின்னால்.

“பொறந்த குழந்தை வரைக்கும் போயிடும்போல” என்றார், எரிச்சல் இல்லாமல்.

“அந்தக் கையில புடிச்சுக்கிட்டு இந்தக் கையால தொடுங்க சார்” என்றான் பையன். சொன்ன பிறகுதான் பெட்டிமேல் கிடந்த கையைக் கவனித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, அவனே கருவியை வாங்கித் தன் இடது கையில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். “தட்டாதீங்க சார். லேசா உள்பக்கம் பார்த்து ஒரு இழு இழுத்திட்டு வந்துடுங்க. இப்படி இல்ல, வெளியிலேருந்து… இல்ல, தப்பு. வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம். ஆங்.” கட்டைவிரலைக் கொஞ்சம் எட்டவிட்டுத் தன் பக்கம் இழுத்தால் அடுத்த பக்கம் வந்தது. பெரியவர் இழுத்தார், வந்தது. இன்னும் நாலைந்து பக்கம் இழுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். விற்பவன் சாமானைத் தெரிந்துகொண்டது அந்த நேரத்தில்தான் என்பது என் எண்ணம்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு பென்டிரைவ் வந்தது. “இதுல மூணு ஃபைல் இருக்கு. ரெண்டுலயும் ஏத்திக் காட்டுங்க. பேத்தி காலிபர்ல மாத்திக் குடுத்தது.”

பையன் மடிக்கணினியில் செருகி, கேபிள் வழியாக இரண்டு கருவிக்கும் கோப்புகளை அனுப்பினான். காலிபர் என்பது மின்புத்தகங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள். சோனியின் வாசிப்புக் கருவி லினக்ஸ் கணினியோடு பேச மறுத்ததால் 2006இல் கோவிட் கோயல் என்பவர் தனக்காக எழுதத் தொடங்கியது. அவரால் பின்னாளில் தன் பெயரைச் சொல்லி நிம்மதியாக ஒரு போன் பேச முடிந்திருக்குமா என்பது வேறு கவலை.

முதல் கோப்பைத் திறந்ததும் பெரியவர் யார் என்பது தெரிந்துவிட்டது. கதை இல்லை, கட்டுரை இல்லை. வரிசை வரிசையாக எழுத்துகள். ங் ஞ் ண் ன். ணை றை னை. ஸ்ரீ, க்ஷ. ‘கௌ’ ஒரு வரியில், அதற்குக் கீழே ‘கெள’. ‘கா’வும் ‘கர’வும் மாறி மாறி ஒரு பத்தி. பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸ் ஒன்றை எடுத்து, ஒற்றைக் கையாலேயே விரித்துத் திரையின்மேல் நிறுத்தினார். ஆப்செட் அச்சகங்களில் வண்ணப் படத்தின் புள்ளிகளைப் பார்க்க வைத்திருப்பார்களே, அது. நிறுத்திவிட்டு முகத்தை அதன்மேல் கவிழ்த்தார்.

“என்ன சார் பாக்கறீங்க?”

“புள்ளி.”

“பிக்சலா சார்?”

“மெய்யெழுத்துக்கு மேல வைக்கிற புள்ளிப்பா. நாப்பது வருஷம் ஃபாரம் ஃபாரமா புரூஃப் பாத்தவன் நான். புள்ளி போச்சுன்னா எனக்கு எல்லாம் போச்சு.”

பையனும் தவறாகச் சொல்லவில்லை. அந்தப் புள்ளியின் கதி பிக்சல் கையில்தான் இருக்கிறது. 2019 கருவியில் ஒரு அங்குலத்துக்கு 167 பிக்சல், 2022இல் 300. அதாவது பழசில் ஒவ்வொரு கட்டமும் 0.15 மில்லிமீட்டர், புதியதில் 0.085. புத்தக எழுத்தளவில் மெய்ப்புள்ளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். முன்னதில் அதை வரைய இரண்டு கட்டம் கிடைக்கிறது. பின்னதில் நாலு. இரண்டு கட்டத்தில் வட்டம் போட முடியாது, சாம்பல் பூசி ஒப்பேற்ற வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஐ’யின் தலைப்புள்ளி மங்கினாலும் எழுத்து மாறாது. தமிழில் ‘க’வும் ‘க்’கும் வேறு வேறு.

லென்ஸைப் பழசிலிருந்து புதியதற்கும், மறுபடி பழசுக்கும் மாற்றி மாற்றி நகர்த்தினார். ‘ணை’யின் சுழிகளில் பழசு திணறியதை ஸ்டூலிலிருந்தே என்னால் ஊகிக்க முடிந்தது. அவர் உதடு ஒரு பக்கம் கோணியது. ‘கா’, ‘கர’ பத்தியில் இன்னும் அதிக நேரம் நின்றார். ‘ர’வின் அடியில் இருக்கும் சின்ன வாலைத் தவிர அதற்கும் துணைக்காலுக்கும் என்ன வித்தியாசம்? ‘ா’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ விழுவதும் ‘ௌ’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ விழுவதும் தமிழ் அச்சில் தீராத வியாதிகள். அந்த வாலும் இந்தப் புள்ளியும் தெளிவாக விழுகிற திரையில்தான் பிழை பிழையாகத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் இவருக்குப் பிழை தெரிய வேண்டியிருக்கிறது.

“காகிதத்துல மை ஊறுன மாதிரிதான் இருக்கு ஓரம்” என்று லென்ஸிலிருந்து தலை எடுக்காமலே சொன்னார். யாரிடம் என்று தெரியவில்லை.

ஊறியதாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் திரைக்குள் தலைமுடியின் பருமனில் லட்சக்கணக்கான நுண்குமிழிகள். ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னூட்டம் பெற்ற வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. அடியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஏதாவது ஒன்று மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். வந்தது வந்தபடி நிற்கும், நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டாம். பக்கம் மாறும்போது மட்டும்தான் எழுத்துக்காகப் பேட்டரிக்கு வேலை. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய இரண்டு மாணவர்களும் உருவாக்கியது. 1997இல் ஈ இங்க் என்று நிறுவனமானது. 2004இல் சோனி அதை வைத்து ஜப்பானில் ஒரு வாசிப்புக் கருவி விற்றது. 2007 நவம்பரில் முதல் கிண்டில் வந்தபோது விலை 399 டாலர். 2022இல் வந்த இந்த மலிவு ரகத்துக்கு 100 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. இடைப்பட்ட பதினைந்து வருஷத்தில் விலை நாலில் ஒன்றாகி, கூர்மையும் கூடிவிட்டது. ஆனால் தமிழ்ப் புத்தகங்கள் கிண்டில் கடைக்கு முறையாக வந்தது 2016 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிண்டில் வாங்கிய தமிழர்கள் அதில் பெரும்பாலும் ஆங்கிலம் படித்தார்கள்.

இரண்டாவது கோப்பு, மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து எடுத்த ஒரு பழைய உரைநடை நூல். 1998 பொங்கலில் தொடங்கித் தன்னார்வலர்கள் விரல் நோகத் தட்டச்சு செய்து சேர்த்துவைத்த கிடங்கு அது. பெரியவர் எழுத்தைத் தனக்கு வசதியான அளவுக்குப் பெரிதாக்கினார். ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும் என்றாகிவிட்டது. இரண்டு ஓரத்தையும் நேராக்க, மிச்ச இடத்தை எல்லாம் கருவி சொற்களின் நடுவே திணித்தது.

“சந்து விழுது பாருங்க. இதுல ஒரு ஆட்டோ போகும்.”

“செட்டிங்ஸ்ல மாத்தலாம் சார்” என்று பையன் எதையோ தேடினான். பெரியவர் காத்திருக்கவில்லை. எழுத்தை ஒரு படி குறைத்தார். சந்து குறுகியது, கண் சுருங்கியது. இன்னும் ஒரு படி குறைத்தார். வரி அழகாக நிரம்பியது. இப்போது மூக்குக்கண்ணாடியைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. மறுபடி ஒரு படி கூட்டினார். ஆறு அங்குலத் திரையில் தமிழ் படிக்கிறவனுக்கு இந்தப் பேரம் ஓயாது. வேற்றுமையையும் சொல்லுருபையும் வாலாகக் கட்டிக்கொண்டு நடக்கும் சொற்கள் நம்முடையவை. ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் அவற்றை மடக்காமல் அடுக்க முடியாது. வாங்குகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லும் விளம்பரங்களில் ‘ஆறு வாரம் சார்ஜ் நிற்கும்’ என்று இருக்கும். தினம் அரை மணி நேரம் படித்து, வைஃபையையும் அணைத்து வைத்தால் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். வரிக்கு எத்தனை தமிழ்ச் சொல் என்று எந்த எழுத்திலும் இருக்காது.

நாலைந்து பக்கம் போனதும் திரையை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்தார். முந்தைய பக்கத்தின் எழுத்துகள் வெளிறிய சாம்பலாக இந்தப் பக்கத்தின் பின்னால் தெரிந்திருக்க வேண்டும். “ஆவி தெரியுதே தம்பி?” பையன் மெனுவில் நுழைந்து ஒன்றைத் தட்டிவிட்டான். அதன்பின் ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் திரை ஒருதரம் கறுத்து வெளுத்தது. ஆவி போயிற்று, மின்னல் வந்தது. பெரியவர் அந்த மின்னலை நாலு தரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பழையபடியே இருக்கட்டும், ஆவி பரவால்ல” என்றார்.

மூன்றாவது கோப்பில்தான் இரண்டு கருவியும் ஒன்றாகத் தோற்றன. மின்நூலகத்திலிருந்து இறக்கிய, பக்கம் பக்கமாகப் படம் பிடித்த பழைய புத்தகம். டெமி அளவுப் பக்கத்தின் அகலம் 14 சென்டிமீட்டர். அது ஒன்பதில் அடங்க வேண்டும் என்றால் 11 பாயின்ட் எழுத்து 7 பாயின்ட்டாகச் சுண்டிவிடும். ஓரத்துக் கறைகளும் நூலக முத்திரையும் மட்டும் தெளிவாக இருந்தன. திரையைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பாதிப் பக்கம் தெரியும். நகர்த்தி நகர்த்திப் படிக்கும்போது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை தயங்கித் தயங்கி வரும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான் பையன். அதற்கு இரண்டு கை வேண்டும் என்பதை இந்தத் தடவை சொல்வதற்கு முன்பே உணர்ந்து நிறுத்திக்கொண்டான்.

நியாயமாகப் பார்த்தால் இங்கேயே அவர் கிளம்பிப் போயிருக்கலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பங்கு இன்றைக்கு இணையத்தில் இப்படிப் படங்களாகத்தான் இருக்கின்றன, எழுத்துகளாக இல்லை. தேடி எடுத்தவன் அதைக் கணினியிலோ பத்து அங்குலத் திரையிலோதான் படிக்க முடியும். மலிவான சின்னக் கருவியை நம்பி வாங்குகிற தமிழ் வாசகன், தன் மொழியின் பழைய அலமாரிக்கு வெளியே நிற்கச் சம்மதித்துத்தான் வாங்குகிறான். வாங்கிக் கொஞ்ச நாளில் மேசை இழுப்பறைக்குள் போகும் கருவிகளில் பலவும் இந்தச் சங்கதி தெரியாமல் வாங்கியவையாக இருக்கும்.

பெரியவர் அந்தக் கோப்பை மூடினார். “இது எப்பவும்போல மேஜையில உக்காந்து பாக்க வேண்டியது. படுத்துக்கிட்டுப் பாக்க வேண்டியதுக்குத்தான் இது.” முடிவு கட்டிவிட்டார் என்று நினைத்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

“லைட்டைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா?”

“கடை லைட்டு எப்படி சார் அணைக்கிறது?”

அவர் துண்டை விரித்துத் தலையையும் கருவியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். ரிச்சி தெருவின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டியில் குனிந்த ஒரு வெள்ளைத் துண்டுக் கூடாரம். இயர்போன்காரர்களில் ஒருவன் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். கடைக்காரர் என் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்த பார்வையில் உள்ளே வைத்துவிட்டான். இந்த ரகத்தில் திரையின் அடிவிளிம்பில் நாலே நாலு சிறு விளக்குகள்தான் இருக்கும். வெளிச்சம் அங்கிருந்து மேலே பரவ வேண்டும். விலை கூடிய ரகங்களில் விளக்கு அதிகம், மஞ்சள் வெளிச்சமும் உண்டு. இதில் ஒரே வெள்ளை. கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. “அடியில லேசா நிழல் நிழலா இருக்கு. மேல சரியா இருக்கு. பக்கத்துல தூங்கறவளுக்கு முழிப்பு வராது.”

வீட்டில் ஒருவர் தூங்குகிறார், இவர் விழித்திருக்கிறார். அதைத்தான் இத்தனை நேரமும் சோதித்துக்கொண்டிருந்தார் என்று அப்போது பட்டது.

துண்டு இறங்கியது. “புதுசு எடுத்துக்கறேன். ஆனா இது யாருதுன்னு தெரியணும்.”

பழைய கருவி வாங்குகிறவர்கள் கடைசியில் கேட்பதை, அல்லது கேட்காமலே விடுவதை, நேராகக் கேட்டார். திருட்டுப் போனதாக முந்தைய சொந்தக்காரர் புகார் செய்த கிண்டிலில் புதியவர் தன் கணக்கைப் பதிய முடியாது. பேட்டரி, திரை எல்லாம் நன்றாக இருந்தும் கருவி கிண்டில் கடைப்பக்கம் போகாது. பையன் சளைக்கவில்லை. “கடை அக்கவுன்ட் போட்டு டெமோவுக்கு வச்சிருக்கோம் சார். இப்பவே எடுத்துடறேன். உங்க அக்கவுன்ட் போடுங்க, ஏறுனா காசு குடுங்க.”

பேத்திக்குப் போன் போனது. மின்னஞ்சல் முகவரி எழுத்து எழுத்தாக வந்தது. ஓடிபி ஒருமுறை காலாவதி ஆகி, மறுமுறை வந்து, ஏறியது. திரையின் மேலே பேத்தியின் பெயர் தோன்றியதும் பெரியவர் அதையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

“இந்தாங்க சார், கவர். ஃப்ரீ.” கறுப்பு மடக்கு உறைக்குள் கருவியைச் செருகிக் கொடுத்தான். பெரியவர் இடது கையால் கவ்வினார். விரல்கள் எதிர் விளிம்பை எட்டவில்லை. நாலு மில்லிமீட்டர் லாபமும் போய்விட்டது. கழற்றித் திருப்பி வைத்தார்.

“இது வேணாம். இதுக்கு உண்டானதைக் கழிச்சுக்குங்க.”

“அது ஃப்ரீ சார்.”

“வெளியில தொங்குதே, இருநூறுன்னு சீட்டு ஒட்டி. எனக்கு மட்டும் அதுக்கு விலை இல்லையா?”

பையன் கடைக்காரரைப் பார்த்தான். அவர் என் போனின் முதுகை ஒட்டவைத்துக்கொண்டே, தலை நிமிராமல், “நூறு கழி” என்றார்.

பெரியவர் பணத்தைப் பெட்டிமேல் வைத்து ஒரு கையாலேயே விசிறிபோல் பரப்பினார். ஐந்நூறு ரூபாய்த் தாள் பத்து, நூறு ரூபாய்த் தாள் நாலு.

“பில்லு வேணுமா சார்?”

“வேணும். தேதி போட்டு, பழசுன்னு எழுதி.”